கால் மீட்டர்

கால் மீட்டர் வெட்டித் தரமாட்டாராம். இல்லை என்று நேராகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை, சிரித்தார். "கால் மீட்டரை வச்சு என்னம்மா செய்யப் போறிய, மூக்குச் சிந்தக்கூடப் பத்தாதே" என்றார் கடைக்கார அண்ணாச்சி. பத்தும். நான் எட்டாவதோடு நின்றவள்தான், ஆனால் துணிக்கணக்கு தெரியும். கால் மீட்டரில் நாலரை அங்குலச் சதுரமாகப் பதினெட்டு வரும், ஓரத்தில் ரிப்பன் அகலத்துக்கு மிச்சமும் வரும். பன்னிரண்டு நிறத்தில் அப்படி எடுத்துச் சேர்த்துத் தைத்தால் ஒரு பெண்பிள்ளை தலையிலிருந்து கால்வரை மூடிக்கொள்ள ஒரு போர்வை ஆகும். அதைச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது. "போர்வையா? அதுக்குப் போய் நல்ல துணியை வாங்கித் துண்டு துண்டா வெட்டுவாங்களா? போர்வையாவே வாங்கிருங்க, மேல இருக்கு பாருங்க" என்று மேல்தட்டைக் காட்டினார். பிளாஸ்டிக் பைக்குள் கட்டம் போட்ட போர்வைகள் மூச்சு முட்டிக் கிடந்தன. அவர் சொல்வதில் தப்பில்லை. யாராவது முழுத் துணியைக் காசு கொடுத்து வாங்கி, வெட்டிச் சிதைத்து, மறுபடியும் ஒட்டுப் போட்டு ஒரே துணியாக்குவார்களா? இருபத்தாறு வருஷமாக நான் ஒட்டுப் போர்வை தைக்கிறேன், ஒரு அங்குலத் துணிகூட விலை கொடுத்து வாங்கியதில்லை. என் வீட்டுக்காரரின் தையல்கடையில் மேஜைக்கடியில் விழுகிறதைச் சாக்கில் அள்ளிக்கொண்டு வருவேன், அவ்வளவுதான். துணிக்கு விலை உண்டு என்பதே இன்றைக்குத்தான் உறைக்கிறது. பூப்போட்ட நல்ல காட்டன் மீட்டர் இருநூற்றைம்பதுக்குக் கீழே இல்லையாம். "உங்களுக்காக அரை மீட்டராத் தாறேன், அதுக்குக் கீழ கத்திரி வைக்க முடியாதும்மா, மிச்சத்தை யாரு வாங்குவா?" அரை மீட்டர் என்றால் எனக்கு வேண்டியதைப்போல இரண்டு பங்கு. ஒரு போர்வைக்கு இரண்டு போர்வையின் காசு. மிச்சப் பாதி என் வீட்டுப் பரணில் கிடந்து என்னைப் பார்த்துக்கொண்டே இருக்கும். அடுத்த தெரு ஹெப்சியும் போர்வை தைக்கிறவள்தான், அவளுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஹெப்சிக்கு ஜெய்ப்பூரிலிருந்து பார்சலில் வருகிறது, அளவாக வெட்டி, நிறத்துக்கு நிறம் பொருத்தி, மேலே ஒரு சணல் கயிறு கட்டி, கயிற்றில் ஒரு காய்ந்த பூ வேறு செருகி.

காய்ந்த பூவை எதற்குச் செருகுகிறார்கள் என்று பார்சல் வந்த அன்றைக்கே கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. கேட்டால் பெனி சிரிப்பாள். பெனிலா, என் மகள், சித்தி வீட்டு மேஜையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு அந்தக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள், கிறிஸ்துமஸ் பரிசைப் பிரிக்கிற குழந்தை மாதிரி. நான் வாசல்படியில் செருப்பைக் கழற்றிக்கொண்டு நின்றேன். இரண்டு பேரும் என்னைக் கவனிக்கவில்லை. "சித்தி, இது எனக்கு, இது எனக்கு" என்று அவள் ஒவ்வொரு துண்டாகக் கன்னத்தில் வைத்து வைத்துப் பார்த்தாள். சித்தி. அந்தச் சொல்லை அவள் இழுக்கிற இழுப்பு இருக்கிறதே, அம்மா என்பதை அப்படி இழுத்து நான் கேட்டதேயில்லை, அம்மா என்பது எங்கள் வீட்டில் தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொல்கிற சொல். ஹெப்சி என் கொழுந்தன் ஜெயசிங்கின் பெண்டாட்டி. பெங்களூரில் பத்து வருஷம் இருந்துவிட்டு போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பாளையங்கோட்டைக்கே வந்துவிட்டார்கள், எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. வந்தபோது நான்தான் பால் காய்ச்சப் பாத்திரம் கொண்டுபோனேன், நான்தான் பரணைத் துடைத்துக் கொடுத்தேன். துடைத்த பரணில் இன்றைக்கு நிறம் நிறமாகத் துணி அடுக்கி வைத்திருக்கிறாள், கண்ணாடிக் கதவு போட்டு. தையல் மெஷினும் கரண்டில் ஓடுகிறது, சத்தமே இல்லை. அந்தச் சத்தமில்லாமைதான் எனக்குப் பிடிக்கவில்லை. என் மெஷின் ஓடினால் தெருவுக்கே தெரியும், ஞானசுந்தரி உட்கார்ந்துவிட்டாள் என்று. அவளுடையது பூனை மாதிரி. பூனை வந்ததும் தெரியாது, பாலைக் குடித்துவிட்டுப் போனதும் தெரியாது. பாலை அடுப்பில் வைத்துவிட்டு வந்தேனா? இல்லை, இறக்கினேன், மூடியும் வைத்தேன். பின்கதவைத் தாழ் போட்டேனா என்பதுதான் ஞாபகம் வரவில்லை.

பெனிக்கு வேலை கிடைத்திருக்கிறது. நர்சு வேலை, இமாசலத்தில் மலைமேலே ஒரு ஆஸ்பத்திரி. டெல்லிவரை ரயில், அப்புறம் ராத்திரி முழுக்க பஸ்ஸாம். மலைச்சரிவில் பஸ் போகும்போது டிரைவர் கண் அசந்துவிட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்டதற்கு, "யம்மா, வாயை வச்சிக்கிட்டு சும்மா இருங்க" என்றாள். குளிர் எலும்பைக் கடிக்குமாம், தண்ணீர்க் குழாய் உறைந்து போகுமாம். இந்த வெயிலில் பிறந்து வளர்ந்த பிள்ளை, மார்கழியில்கூட ஃபேன் போட்டுப் படுக்கிற பிள்ளை. சரி, போர்வை நான் தைத்துத் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவள், "போர்வைக்கு நீங்க சிரமப்படாதீங்கம்மா, சித்தி குவில்ட் தச்சித் தாறேன்னாங்க" என்றாள். குவில்ட் என்றால் அதே ஒட்டுப் போர்வைதான், இங்கிலீஷில். சிரமப்படாதீங்க. பெற்ற பிள்ளை தாயிடம் சொல்கிற சொல்லா அது? கல்யாண வீட்டில் பந்தி பரிமாற எழுந்த விருந்தாளியிடம் சொல்கிற சொல். பெட்டியில் இடம் இருந்தால் இரண்டும் கொண்டுபோகலாமே என்றேன். ஒன்றுதான் போகுமாம். ஒன்றே ஒன்று. அப்போதுதான் முடிவு செய்தேன், அந்த ஒன்று என்னுடையதாக இருக்கவேண்டும். ஹெப்சி தைப்பதைவிட நல்லதாக, ஹெப்சி வாங்குவதைப்போல புதுத்துணியில், பூப்போட்டு, மெத்தென்று, கன்னத்தில் வைத்துப் பார்க்கிற மாதிரி. கன்னத்தில் வைக்கிற மாதிரி ஒன்றை நான் இதுவரை தைத்ததில்லை என்பதும் தெரியும். எங்கள் கடை ஆம்பிளைகள் தையல்கடை. விழுகிற துண்டெல்லாம் பேண்ட் துணி, சாம்பல், காக்கி, கருநீலம், பள்ளிக்கூட யூனிபார்ம் பிரவுன். அதைத்தான் நான் ஒட்டுவேன். கனமாக இருக்கும், கிழியாது, பத்து வருஷம் தாங்கும், உடம்பு மட்டும் வேர்த்துக் கொட்டும். பெனி நர்சிங் படிக்க ஹாஸ்டலுக்குப் போனபோது அப்படி ஒன்றைத்தான் கொடுத்தனுப்பினேன். முதல் லீவுக்கு வந்தபோது அதைச் சுருட்டி எடுத்து வந்துவிட்டாள். "பிள்ளைங்கள்ளாம் பேண்ட் போர்வைன்னு சிரிக்காளுவம்மா. ஒருத்தி ஜிப் எங்கட்டின்னு கேக்கா." நானும் சிரித்தேன். என் வீட்டுக்காரர் இரண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். இப்போது அந்தப் போர்வை அரிசி மூட்டைமேல் கிடக்கிறது. சிரித்தேனே தவிர, ஜிப் எங்கே என்று கேட்ட அந்தப் பெண்ணின் முகம் தெரியாமலே அவளை இன்றுவரை எனக்குப் பிடிக்காது.

"எதை வெட்டணும்னு சொல்லுங்கம்மா" என்கிறார் அண்ணாச்சி. மேஜைமேல் பதினொரு சுருள் எடுத்துப் போட்டிருக்கிறார், கத்திரியைத் திறந்தபடி பிடித்திருக்கிறார். எல்லாம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் டியூப்லைட்டில் எந்தத் துணிதான் அழகாக இல்லை? பச்சையை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்தேன், அது பச்சையே இல்லை, காய்ந்த பாசி. மஞ்சளைப் பிடித்தேன், மஞ்சள் நன்றாக இருந்தது. தனியாகத்தான் நன்றாக இருந்தது. நீலத்துக்குப் பக்கத்தில் வைத்தால் எலெக்ஷன் கொடி. எதற்குப் பக்கத்தில் எதை வைப்பது என்பதுதான் எனக்கு வரவில்லை. பேண்ட் துணியில் அந்தக் கேள்வியே கிடையாது, காக்கிக்குப் பக்கத்தில் சாம்பல், சாம்பலுக்குப் பக்கத்தில் காக்கி. ஹெப்சிக்கு ஜெய்ப்பூர்க்காரனே பொருத்தி அனுப்பிவிடுகிறான், அவள் தலையை உடைத்துக்கொள்ள வேண்டியதில்லை, அவளுக்குக் காசும் கம்மியாகத்தான் ஆகும், தேவைப்பட்ட துண்டு மட்டும்தானே வாங்குகிறாள். இதுதான் எனக்குப் புரியாத நியாயம். இருக்கிறவளுக்கு மலிவாகக் கிடைக்கிறது. பக்கத்துக் கடையில் வந்து நிற்கிறவளுக்கு இரண்டு மடங்கு. எனக்கும் போனில் வாங்கத் தெரிந்தால் வாங்கியிருப்பேன். பெனியிடம் கேட்டால் சொல்லித் தருவாள், ஆனால் எதற்கு என்று கேட்பாளே. கையில் இருப்பது கண்ணாடி மாற்ற வைத்திருந்த பணம். பழைய கண்ணாடியில் ஊசிக்காது இரண்டாகத் தெரிகிறது, போகட்டும், இரண்டில் ஒன்றில் நூல் நுழையத்தானே செய்கிறது. கரைக்கு ஒரு சிவப்பு இருந்தால் எல்லாவற்றையும் சேர்த்துப் பிடித்துவிடும் என்று தோன்றியது. சிவப்பு கேட்டேன். எடுத்துப் போட்டார், பன்னிரண்டாவது. அப்பா, என்ன சிவப்பு. மாதுளம்பழத்தை உடைத்த மாதிரி. கடையில் இருந்த மற்ற நிறமெல்லாம் அதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டது. அண்ணாச்சி வேறொருத்தருக்குச் சில்லறை கொடுக்கக் கல்லாப் பக்கம் திரும்பின நேரம், வலதுகைக் கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஓரத்தில் அழுத்தித் தேய்த்தேன். சாயத்துணியை அப்படித்தான் பார்ப்போம், எங்கள் கடையில் எல்லாரும் செய்கிறதுதான், கடைக்காரர்களுக்குப் பிடிக்காது என்பதால் அவர்கள் பார்க்காதபோது. விரலை எடுத்தால், வெற்றிலை போட்டவள் நாக்கு மாதிரி. முழுக்கச் சிவப்பு. போகிற சாயம். முதல் தண்ணீரிலேயே பக்கத்திலுள்ள வெள்ளையையெல்லாம் ரோஸாக்கிவிடும், இரண்டாவது தண்ணீரில் தானும் வெளுத்துவிடும். பரவாயில்லை, சிவப்பு வேண்டாம். சிவப்பில்லாமல் இந்தப் பதினொன்றும் மறுபடியும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு கிடக்கின்றன.

வேலை கிடைத்த சேதிகூட எனக்கு இரண்டாவதாகத்தான் வந்தது. இதை நினைக்கக்கூடாது என்றுதான் இருக்கிறேன், ஆனால் ஹெப்சி நினைப்பு அங்கேதான் கொண்டுபோய் விடுகிறது. அன்றைக்கு ஆராதனை முடிந்து கோயில் வாசலில் நிற்கிறோம். போதகரின் மனைவி, எங்கள் ஐயரம்மா, வந்து என் கையைப் பிடித்து, "மகளுக்கு வேலை ஆயிட்டாமே, ஹெப்சி சொன்னா, ஸ்தோத்திரம்" என்கிறார். நான், ஆமா, ஸ்தோத்திரம், கர்த்தர் பெரியவர் என்கிறேன். எனக்கு அப்போதுதான் தெரியும். சிரித்துக்கொண்டே நிற்கிறேன், காது மடல் சுடுகிறது. வீட்டுக்குப் போனதும் பெனி, "அம்மா, ஒரு விஷயம்" என்று ஆரம்பிக்கிறாள். நான் அந்த விஷயத்தைப் புதிதாகக் கேட்கிற மாதிரி கையைத் தட்டினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நன்றாக நடித்ததில்லை. ஹெப்சிக்கு இரண்டும் ஆண்பிள்ளைகள். "எனக்கு இருக்கிறதெல்லாம் பயலுவதானே அக்கா, பெனியைத்தான் எனக்குப் பிள்ளைன்னு வச்சிருக்கேன்" என்று ஒருதரம் சொன்னாள், இட்லி மாவு வாங்க வந்தபோது. நான் மாவை அளந்துகொண்டே, எடுத்துக்கோ, எடுத்துக்கோ என்றேன். மாவைத்தான் சொன்னேன். இவள் கெட்டவளாக இருந்திருந்தால் எவ்வளவு வசதி. ஒரு சண்டை போட்டிருக்கலாம், கிணற்றடியில் ஒரு வார்த்தை, கல்யாண வீட்டில் ஒரு முகத்திருப்பல். ஒன்றுக்கும் இடம் தராதவள். பார்த்த இடத்தில் அக்கா, அக்கா என்று ஓடி வருகிறவள்.

"அக்கா!"

வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றுகிறாள். ஹெப்சி. ஹெல்மெட்டுக்கடியிலும் தலை கலையவில்லை. நான் கட்டைவிரலை உள்ளே வைத்துக் கையை மூடிக்கொண்டேன். எதற்கு மூடினேன் என்று தெரியாது, கை தானாகப் போனது. "நீங்க எங்க இங்க? துணி எடுக்கவா? அத்தான் கடைக்கா?" கேட்டுக்கொண்டே மேஜையைப் பார்க்கிறாள். மேஜையில் பன்னிரண்டு சுருள் பப்பரப்பே என்று கிடக்கிறது. "சும்மாதான். விலை கேட்டுப் பார்ப்போம்னு" என்றேன். அண்ணாச்சிக்கு வாய் சும்மா இருக்குமா? "போர்வை தைக்கணுமாம்மா, ஒவ்வொண்ணுலயும் கால் மீட்டர் கேக்காவ. நான் என்ன ஆஸ்பத்திரியில கட்டுத்துணியா விக்கேன்?" ஹெப்சி சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், உடனே பார்வையை எடுத்துவிட்டாள். புரிந்துவிட்டது அவளுக்கு. புரிந்தது தெரியாத மாதிரி சுருள்களை ஒவ்வொன்றாகத் தொட்டாள். "மஞ்சள் நல்லாருக்கே அக்கா" என்றாள். அந்தப் பதினொன்றில் எது நன்றாயிருக்கிறது என்று அவளுக்கு ஒரு நொடியில் தெரிகிறது. பிறகு சிவப்பில் கை பட்டது, நின்றது. எனக்குத் தெரியும் நிற்கும் என்று. "அடேயப்பா. இது எங்க இருந்துச்சு? அக்கா, நான் பெனி குவில்ட்டுக்கு அடியில குடுக்கத்தான் துணி தேடி வந்தேன். பார்சல்ல வரவழைச்சா அடித்துணிக்கே ஆனைவிலை சொல்லுதான். இது போதும். இதுதான். அண்ணாச்சி, சாயம் போகுமா?" "சாயமா, இதுலயா? துணி கிழிஞ்சாலும் சாயம் போகாது." "எல்லாக் கடையிலயும் இதைத்தான் சொல்லுதிய" என்று அவள் என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்கக்கா. உங்களுக்குத் துணியைப் பார்த்தாலே தெரியுமே. போகுமா?"

போகும் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். விரலைக் காட்டினால் அந்த ஒரு வார்த்தைகூட வேண்டாம். உள்ளங்கைக்குள் விரல் வேர்த்தது, ஈரத்தில் பிசுபிசுத்தது. மேலே ஃபேன் சுற்றுகிறது, அதன் ஒரு இறக்கை மட்டும் டக் டக் என்கிறது. மலைமேல் ஒரு அறை எனக்குத் தெரிகிறது, நான் பார்த்திராத அறை, சின்ன ஜன்னல், வெளியே பனி. பெனி டியூட்டி முடிந்து வந்து போர்வையைத் துவைக்கிறாள். வாளியில் தண்ணீர் சிவப்பாகிறது. வெள்ளையெல்லாம் ரோஸ், நீலமெல்லாம் ஊதா, ஜெய்ப்பூர்ப் பூவெல்லாம் அழுகின பூ. பெனி உதட்டைக் கடிக்கிறாள். சித்தி பார்த்து வாங்கியிருக்கலாம் என்று நினைக்கிறாள். அவ்வளவுதான் எனக்கு வேண்டும், அந்த ஒரு நினைப்பு, வாய்விட்டுக்கூடச் சொல்லவேண்டாம். பிறகு எனக்குப் போன் பண்ணுகிறாள். அம்மா, உங்க போர்வையை அனுப்புங்களேன். அனுப்புகிறேன் தாயி. ஆனால் தபால் போய்ச்சேர எத்தனை நாள் ஆகும்? அதுவரை அந்த ஈரப் போர்வை காயாமல் கொடியில் தொங்கும், குளிரில் விறைத்துப் பலகையாகிவிடும். என் பிள்ளை எதைப் போர்த்திக்கொண்டு படுப்பாள்? அங்கேயே சிக்கிக்கொண்டது என் நினைப்பு, அந்தப் பலகையிலேயே. அவளுடைய கால் வெளியே தெரிகிறது. சின்ன வயதிலிருந்தே கால் பெருவிரல் இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டுதான் தூங்குவாள். சொல்லிவிடு சுந்தரி, சொல்லிவிடு. ஹெப்சி காத்துக்கொண்டு நிற்கிறாள், தலையைச் சற்றுச் சாய்த்து, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. இந்த ஊரில் யாரும் என்னிடம் இவ்வளவு நம்பிக்கையாக ஒன்றைக் கேட்டதில்லை. பெனி கேட்டதில்லை, என் வீட்டுக்காரர் கேட்டதில்லை. கடைசியில் கேட்கிறவள் இவளாகவா இருக்கவேண்டும்? அதுதான் என்னைப் பிடித்துத் தள்ளியது என்று நினைக்கிறேன். இதையும் இவளே வைத்திருக்கிறாள், நல்லவளாக இருப்பதையும்.

"போகாது" என்றேன்.

"அப்ப சரி" என்று உடனே திரும்பிவிட்டாள். ஒரு சந்தேகமும் இல்லை, ஒரு நொடி யோசனையும் இல்லை. "மூணு மீட்டர் அண்ணாச்சி." அவர் துணியை உதறி அளவுகோலில் பிடிக்கிறார், ஒன்று என்கிறார். ஹெப்சி தோள்பையைத் திறந்து அதற்குள் எதையோ தேடுகிறாள். இரண்டு என்கிறார் அண்ணாச்சி. இன்னும் வெட்டவில்லை. இன்னும் சொல்லலாம். ஹெப்சி, ஒரு நிமிஷம், கொஞ்சம் தண்ணி தொட்டுப் பார்த்திருவோம் என்றால் போதும், சொன்ன வார்த்தையை மாற்றினதாகவும் ஆகாது. "இந்தாங்கக்கா, இதோட வச்சுப் பாருங்க, சேருமான்னு" என்று அவள் ஒரு வெள்ளைச் சதுரத்தை என்னிடம் நீட்டினாள். ஜெய்ப்பூர்த் துண்டு. வெள்ளையில் கடுகளவு நீலப்பூ, மல் துணி, கையில் எடுத்தால் எடுத்ததே தெரியாது. நான் அதை முதல் தடவையாகத் தொடுகிறேன். பெனி கன்னத்தில் வைத்துப் பார்த்தது இதைத்தானோ என்று நினைத்தேன், அந்த நினைப்பில் கையைத் திறந்து வாங்கிவிட்டேன். விரல்நுனியால் வாங்கியிருந்தால்கூடத் தப்பித்திருப்பேன், துணிக்காரி வாங்குகிற மாதிரி கட்டைவிரலை அழுத்தி, நயம் பார்த்து வாங்கினேன். எடுத்தால், வெள்ளைக்கு நடுவில் என் கட்டைவிரல். ரேகை ரேகையாக, ஒன்றுவிடாமல், மாதுளம்பழச் சிவப்பு.

மூன்று என்றார் அண்ணாச்சி. கத்திரியைத் துணியில் வைத்தவர், எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு அப்படியே நிறுத்தினார். ஹெப்சி துண்டைப் பார்த்தாள். என் விரலைப் பார்த்தாள். நான் விரலை மறைக்கவில்லை, மறைக்க என்ன இருக்கிறது? கத்துவாள் என்று நினைத்தேன். கத்தமாட்டாள் என்றும் தெரியும், ஆனால் ஒருதரம், ஒரே ஒருதரம் கத்தினால் என்ன? ஏன்க்கா இப்படி என்று கேட்டால் நானும் ஏதாவது கேட்பேன், கோயில் வாசலில் ஐயரம்மா என் கையைப் பிடித்ததைக் கேட்பேன், இட்லி மாவைக் கேட்பேன். "சிவப்பு வேண்டாம் அண்ணாச்சி" என்றாள், சாதாரணமாக. "கருநீலத்துல காட்டுங்க, பேண்ட் துணி மாதிரி கெட்டியா." அவர் முணுமுணுத்துக்கொண்டே சிவப்பைச் சுருட்டினார். அவள் அந்தச் சதுரத்தை என் கையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கண்ணில் தண்ணீர் இருந்ததா, டியூப்லைட்டா, எனக்கு இந்தக் கண்ணாடியில் எதுவும் சரியாகத் தெரிகிறதில்லை. "நல்லா விழுந்திருக்குக்கா. ஆதார் கார்டுக்குக்கூட இவ்வளவு நல்லா விழாது."

"தூரப் போடு அதை" என்றேன். "வீணாப் போச்சு. அதுக்கு நான் காசு தந்திருதேன்."

"எதுக்குத் தூரப் போடணும்? நடுவுல வச்சுத் தைக்கப் போறேன்." மடித்தாள், விரல் அடையாளம் உள்ளே இருக்கும்படி. "உங்கம்மா கைன்னு பெனிகிட்ட சொல்லுவேன். எப்படி வந்துச்சுன்னு கேட்டா, அதை நீங்களே சொல்லிக்கிடுங்க."

இது குத்தலா, அன்பா? இப்போதுவரை தெரியவில்லை. இரண்டும் சேர்ந்தும் இருக்கலாம், அப்படிச் சேர்த்துத் தைக்கவும் அவளுக்குத் தெரிந்திருக்கும். துண்டு அவள் பைக்குள் போனது. ஜிப்பை இழுத்தாள். கருநீலம் வெட்டி, மடித்து, பில் போட்டு, ஹெல்மெட்டை மாட்டி, "வாறேன்க்கா" என்று சொல்லி, ஸ்கூட்டர் கிளம்புகிறவரை நான் அங்கேயேதான் நின்றேன். வெயிலில் அவள் முதுகில் பை ஆடிக்கொண்டு போகிறது. அதற்குள் நான் இருக்கிறேன், கால் மீட்டர்கூட இல்லை, கட்டைவிரல் அளவு. அவள் கையால் தைத்து, அவள் நூலில், அவள் கருநீலத்தின்மேல், டெல்லிவரை ரயிலில், ராத்திரி பஸ்ஸில், என் பிள்ளையின் கழுத்துக்குக் கீழே. வேறு எந்தவிதத்திலும் நான் அந்தப் பெட்டிக்குள் போயிருக்க முடியாது. அதுவும் அவள் கொடுத்ததுதான். அதையும் அவளிடமிருந்துதான் வாங்கவேண்டியிருக்கிறது. தாங்கமுடியாத எரிச்சலாக இருக்கிறது. எனக்கு வேண்டும், அதனாலேயே எரிச்சலாக இருக்கிறது.

"உங்களுக்கு வெட்டவாம்மா? காலைல இருந்து நிக்கிய" என்கிறார் அண்ணாச்சி. கத்திரி இன்னும் திறந்தே இருக்கிறது. நான் சேலை முந்தியின் உள்பக்கத்தை நாக்கில் நனைத்து விரலைத் தேய்க்கிறேன். அது போகிற சாயம். எனக்குத் தெரியும், என்னைவிட யாருக்குத் தெரியும்? முதல் தண்ணீரிலேயே போய்விடும், ஐஸ் மாதிரி தண்ணீரில் ஒரு அலசு, ஒரு பிழி, வெறும் வெள்ளை. அதற்குமுன் பெனி ஒருதரம் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாளா? தேய்க்கிறேன், முந்திதான் சிவக்கிறது, விரல் ரேகைக்குள் சிவப்பு அப்படியே நிற்கிறது. போகாது என்று நான் சொன்னேனே. வாய் நிறையச் சொன்னேனே, ஆண்டவரே, கடையில் நாலு சுவர் கேட்கச் சொன்னேனே. போகாமல் இருக்கட்டும்.